தோளில் நின்ற பெயர்

பள்ளியில் வேதியியல் படித்த எவருக்கும் 'டிண்டால் விளைவு' என்ற சொற்றொடர் நினைவிருக்கும். கூழ்மக் கரைசல் ஒன்றின் வழியே ஒளிக்கற்றையைச் செலுத்தினால் அதன் பாதை கண்ணுக்குத் தெரியும். உப்புக் கரைசலில் தெரியாது. இரண்டு மதிப்பெண் வினா. அதற்கு மேல் அந்தப் பெயரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தமிழ் இலக்கியத்தின் பக்கம் ஒதுங்கிவிட்ட நானும் அதை மறந்துவிட்டிருந்தேன். ஆண்டுகள் பல கழித்து, மேட்டர்ஹார்ன் மலையேற்றம் குறித்து வாசித்துக்கொண்டிருந்தபோது, அம்மலையின் கோட்டுப்படம் ஒன்றில், உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு முனையருகே அதே பெயரைக் கண்டேன். 'பிக் டிண்டால்', அதாவது டிண்டால் முனை. உயரம் 4241 மீட்டர். வேறு யாரோ ஒரு டிண்டால் என்றுதான் முதலில் நினைத்தேன். பாடப்புத்தகத்து டிண்டாலேதான் அவர்.

மலைகளுக்கு மனிதர் பெயரைச் சூட்டுவது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியர்க்குப் பிடித்தமான காரியம். உலகத்தின் மிக உயர்ந்த சிகரத்துக்கு எவரெஸ்ட் பெயரை ஆண்ட்ரூ வா முன்மொழிந்தது 1856இல். 1865இல் அது நிலைபெற்றது. சென்னைப் பரங்கிமலைப் பகுதியில் 1802இல் லாம்ப்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து தொடங்கிய நில அளவைப் பணியின் பிற்காலத் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்ட். தம் பெயரை அச்சிகரத்துக்கு இடுவதில் அவருக்கே உடன்பாடில்லை. இந்த மண்ணின் மக்களால் அதை உச்சரிக்க இயலாது என்றார். அந்த மலையின் மீது அவர் கால் பட்டதில்லை. பெரும்பாலான மலைப்பெயர்களின் கதை இதுதான். மேலதிகாரிக்கோ அரசிக்கோ புரவலருக்கோ செலுத்தப்பட்ட காணிக்கைகள் அவை.

டிண்டால் முனையின் கதை வேறு. அந்தப் பெயருக்குரியவர் அந்த இடத்தில் உண்மையிலேயே நின்றார். நின்று, மேலே போக முடியாமல் திரும்பினார். அதனால்தான் அது அவர் பெயரைப் பெற்றது.

*

ஜான் டிண்டால் 1820ஆம் ஆண்டு அயர்லாந்தின் கார்லோ மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தந்தை காவல்துறையில் சாதாரண ஊழியர். பெரிய பள்ளியோ பல்கலைக்கழகமோ வாய்க்கக்கூடிய குடும்பமில்லை. உள்ளூர் ஆசிரியர் ஒருவரிடம் கற்ற கணிதமும் வரைதலும் கைகொடுக்க, 1839இல் அரசின் நில அளவைத் துறையில் வரைவாளராகச் சேர்ந்தார். பின்னர் இங்கிலாந்துக்கு மாற்றப்பட்டார். அங்கே ஊதியமும் பணிச்சூழலும் மோசமாயிருந்ததை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 1843இல் வேலை போயிற்று. அடுத்து ரயில்பாதைகளுக்கு நிலம் அளந்தார். 1847இல் ஒரு பள்ளியில் ஆசிரியரானார். மறு ஆண்டு, சேமித்த பணத்தோடு ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே பன்சன் விளக்கின் பன்சன் அவருக்கு ஆசிரியர். 1850இல் முனைவர் பட்டம். 1853இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியர். அங்கே மைக்கேல் ஃபாரடேயின் சக ஊழியராகி, நண்பராகி, 1867இல் அவர் மறைந்தபின் அவரது இடத்துக்கும் வந்தார்.

மலைக்கு அவரை அழைத்துச் சென்றதும் அறிவியலே. பாறைகளில் காணும் தகட்டுப் பிளவுகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர், பனியாறுகளில் அதுபோன்ற அடுக்குகள் உண்டு என்று கேள்விப்பட்டு 1856இல் தம் நண்பர் ஹக்ஸ்லியுடன் ஆல்ப்ஸுக்குப் போனார். அடுத்த ஆண்டே 'மெர் த கிளாஸ்' பனியாற்றில் கம்புகளை நட்டு, அது ஒரு நாளைக்கு எத்தனை அங்குலம் நகர்கிறது என்று கோணமானியால் அளந்துகொண்டிருந்தார். 1859 டிசம்பரில், கடும் குளிர்காலத்தில், அதே இடத்துக்கு மீண்டும் போய் அளந்தார். பழைய நில அளவையாளர் அல்லவா.

ஆனால் அளக்கப் போனவரை மலை பிடித்துக்கொண்டது. 1858இல் மோன்ட்டே ரோசா சிகரத்துக்குத் துணையின்றித் தனியே ஏறினார். அக்காலத்தில் யாரும் செய்யத் துணியாத செயல் அது. 1859இல் வேதியியலாளர் ஃபிராங்க்லேண்டுடன் மோன்ட் பிளாங்க் உச்சியில் ஓர் இரவு முழுவதும் தங்கினார். 1861 ஆகஸ்ட் 19ஆம் நாள், ஜோஹான் ஜோசப் பென்னன், உல்ரிச் வெங்கர் என்ற இரு வழிகாட்டிகளுடன் 4506 மீட்டர் உயரமுள்ள வைஸ்ஹார்னின் உச்சியை அடைந்தார். அதுவரை மனிதர் எவரும் ஏறாத சிகரம். ஆல்ப்ஸ் மலையேற்ற வரலாற்றில் அவருக்கு நிலையான இடத்தைத் தந்த வெற்றி அதுதான்.

வைஸ்ஹார்ன் இன்றும் வைஸ்ஹார்ன்தான். வெள்ளைக் கொம்பு என்று பொருள். டிண்டாலின் பெயர் அங்கே இல்லை.

*

மறு ஆண்டு, 1862 ஜூலையில், அவர் மேட்டர்ஹார்னுக்கு வந்தார். ஆல்ப்ஸின் பெருஞ்சிகரங்களில் ஏறப்படாமல் எஞ்சியிருந்தவற்றுள் புகழ்பெற்றது அது. இத்தாலியப் பக்கத்து அடிவார ஊரான பிரெய்லில், இருபத்திரண்டு வயது எட்வர்ட் விம்ப்பர் பலமுறை முயன்று தோற்று, அதே மலையையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நூல்களுக்கு மரச்செதுக்குப் படங்கள் செய்யும் தொழிலாளி அவர். இருவரும் சேர்ந்து ஏறலாம் என்று ஒரு பேச்சு எழுந்தது. அது கைகூடவில்லை.

டிண்டால் தம்முடன் பென்னனையும் அன்டன் வால்டரையும் வழிகாட்டிகளாக அழைத்து வந்திருந்தார். உள்ளூரில் ழான் அந்துவான் கரேலையும் அவர் உறவினர் சேசரையும் சேர்த்துக்கொண்டார். இந்த ழான் அந்துவான் கரேல் இத்தாலியப் படையில் பணியாற்றியவர். 1857 முதல் அந்த மலையை முயன்று வந்தவர். மேட்டர்ஹார்னின் இத்தாலிய முகடு பற்றி அன்று உயிரோடிருந்தவர்களில் மிகுதியாக அறிந்தவர் அவரே. ஆனால் டிண்டாலின் குழுவில் அவருக்குக் கிடைத்த இடம் சுமைகூலிக்கு உரியது.

அவர்கள் அதுவரை எவரும் எட்டாத உயரத்தை எட்டினார்கள். முகட்டின் மேற்பகுதியில், தொலைவிலிருந்து பார்த்தால் ஒரு மனிதனின் தோள்போல் அகன்று கிடக்கும் பகுதிக்கு வந்து சேர்ந்தார்கள். மலையேறிகள் அதைத் தோள் என்றே அழைத்தனர். தோளுக்கு அப்பால் முகடு குறுகி, ஒரு பிளவில் இறங்கி, பிறகு உச்சியின் கடைசிச் சுவராக நிமிர்கிறது. மீதமிருந்தது ஏறத்தாழ 240 மீட்டர். பென்னன் அந்தச் சுவரைப் பார்த்தார். மேலே போகலாமா கூடாதா என்ற கேள்வி எழுந்தது. கரேலைக் கேட்டபோது, நாங்கள் சுமை தூக்குபவர்கள், உங்கள் வழிகாட்டிகளைக் கேளுங்கள் என்ற பொருளில் அவர் விடை சொன்னதாக ஒரு கூற்று உண்டு. அன்று அங்கே யார் என்ன சொன்னார் என்பதில் டிண்டாலுக்கும் விம்ப்பருக்கும் பிற்பாடு அச்சிலேயே பூசல் நடந்தது. முடிவில் மாற்றமில்லை: அவர்கள் திரும்பினார்கள்.

அந்தப் பதில் உண்மையென்றால், அதைப்பற்றி நெடுநேரம் யோசிக்கலாம். ஊதியம் குறைவென்று குரல் கொடுத்து வேலையிழந்த ஏழை வரைவாளர் ஒருவர், இருபது ஆண்டுகள் கழித்து, மலையை நன்கறிந்த மனிதனைச் சுமைகூலியாக வைத்துக்கொண்டு உச்சிக்குக் கீழே நிற்கிறார். தெரிந்தவனிடம் கேள்வி போய்ச் சேரும்போது காலம் கடந்துவிட்டிருக்கிறது. இதில் டிண்டாலை மட்டும் குறைசொல்வதற்கில்லை. பென்னன் அவருடைய நம்பிக்கைக்குரிய தோழர். வைஸ்ஹார்னின் உச்சிக்குக் கொண்டு சேர்த்தவர். அவரை ஒதுக்கிவிட்டு இன்னொருவரை முன்னால் நிறுத்துவது எளிதன்று. அந்தப் பென்னன் 1864 பிப்ரவரியில் வேறொரு மலையில் பனிச்சரிவில் சிக்கி மாண்டுபோனார்.

1865 ஜூலை 14 அன்று விம்ப்பரின் குழு சுவிஸ் பக்கத்திலிருந்து உச்சியை அடைந்தது. இறங்கும்போது கயிறு அறுந்து நால்வர் இறந்தார்கள். மூன்று நாள் கழித்துக் கரேல் இத்தாலியப் பக்கத்திலிருந்து, டிண்டாலின் தோளைத் தாண்டி, உச்சியைத் தொட்டார். டிண்டால் அங்கே மீண்டும் வந்தது 1868இல். மாகினியாஸ் குடும்பத்து வழிகாட்டிகளுடன் பிரெய்லிலிருந்து ஏறி, தம் பெயர்கொண்ட முனையைக் கடந்து, உச்சியை அடைந்து, மறுபுறம் செர்மாட்டில் இறங்கினார். அந்தத் திசையில் மலையைக் கடந்த முதல் மனிதர் அவரே. ஆனாலும் இன்று அவ்வழியே ஏறுபவர்கள் அவர் பெயரைச் சொல்வது, அவர் திரும்பிய இடத்தைக் குறிக்கத்தான்.

*

இதே கதை இன்னொரு கண்டத்திலும் நடந்தது. அங்கே அவர் நேரில் இல்லை.

1864இல் கலிஃபோர்னிய நிலவியல் அளவைக் குழு சியெரா நெவாடா மலைத்தொடரின் தென்பகுதியில் முகாமிட்டிருந்தது. அதில் இருபத்திரண்டு வயது கிளாரன்ஸ் கிங் ஒருவர். தொலைவில் தெரிந்த சிகரங்களில் மிக உயர்ந்ததை அடைந்துவிடுவது என்று, ரிச்சர்ட் காட்டர் என்ற துணைவருடன், சில நாள் உணவைச் சுமந்துகொண்டு கிளம்பினார். பள்ளத்தாக்குகளில் இறங்கி, பாறைச்சுவர்களில் கயிறு வீசி ஏறி, ஜூலை 6ஆம் நாள் தாம் குறித்த உச்சியை அடைந்தார். அதற்கு மவுண்ட் டிண்டால் என்று பெயரிட்டார்; ஆல்ப்ஸில் ஏறும் அறிவியலாளருக்கு அமெரிக்க இளைஞர் ஒருவரின் வணக்கம் அது. உச்சியில் நின்று தெற்கே பார்த்தபோதுதான் தெரிந்தது, அங்கே இன்னும் உயர்ந்த சிகரம் இருக்கிறது. அளவைக் குழுவின் தலைவர் ஜோசையா விட்னியின் பெயர் அதற்குப் போயிற்று. மவுண்ட் டிண்டால் 4275 மீட்டர். மவுண்ட் விட்னி 4421 மீட்டர்.

அந்த விட்னியும் கிங்குக்கு எளிதில் கிட்டவில்லை. அதே ஆண்டில் முயன்று முடியாமல் திரும்பினார். 1871இல் மேகமூட்டத்தில் ஏறி வேறொரு சிகரத்தை விட்னியென்று நம்பி இறங்கினார். தவறு தெரிந்து 1873 செப்டம்பரில் உண்மையான உச்சியை அடைந்தபோது, முந்தைய மாதமே பக்கத்து ஊரிலிருந்து மீன்பிடிக்க வந்த மூவர் அங்கே ஏறிவிட்டிருந்தார்கள்.

ஆக, இரு கண்டங்களில் இரு முனைகள். ஒன்று உச்சிக்குக் கீழேயுள்ள தோள். மற்றொன்று, உச்சியென்று நம்பி ஏறியபின், உச்சி வேறெங்கோ இருப்பதைக் காட்டித் தந்த இடம். டிண்டாலின் அறிவியல் வாழ்வைப் படிக்கும்போது இவ்விரண்டும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகின்றன.

*

1860களின் இறுதியில் டிண்டால் ராயல் இன்ஸ்டிடியூஷனின் இருட்டறையில் ஒளியோடு விளையாடிக்கொண்டிருந்தார். அறைக்குள் பாயும் ஒளிக்கற்றையில் மிதக்கும் தூசியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கற்றைக்குக் கீழே ஒரு சுடரைப் பிடித்தார். சுடருக்கு மேலே ஒளியில் கருப்பாக ஏதோ புகைபோல் சுழன்றது. அது புகையன்று, தூசி எரிந்துபோன வெறும் காற்று. சிதறடிக்கத் துகள் இல்லாததால் ஒளி அங்கே கண்ணுக்குத் தெரியவில்லை. எரிகிறதென்றால் அந்தத் தூசியில் பெரும்பகுதி உயிர்ப்பொருள் என்று அவர் கண்டார். அங்கிருந்து கிருமிகளுக்கும், பாஸ்டரின் பக்கம் நின்று நடத்திய வாதங்களுக்கும் போனார். கொதிக்கவைத்தும் சாகாத வித்துகளை, இடைவெளி விட்டுப் பலமுறை சூடேற்றி ஒழிக்கும் முறையை 1877இல் கண்டறிந்தார். மருத்துவத்தில் அது 'டிண்டாலாக்கம்' ஆயிற்று. 1876இல் வெளிவந்த கட்டுரையில், பெனிசிலியம் பூஞ்சை செழித்த குழாய்களில் பாக்டீரியாக்கள் அடங்கிப்போனதையும் குறித்து வைத்தார். குறித்துவிட்டு மேலே நடந்தார். ஃபிளெமிங்கின் கண்ணில் அது பட்டது 1928இல்.

அதே இருட்டறையில் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் சில வேதிப்பொருள்களின் ஆவியை அடைத்து ஒளியைச் செலுத்தினார். நுண்ணிய துகள்கள் மெல்ல உருவாயின. முதலில் தோன்றிய நிறம் நீலம், வானத்தின் நீலம். துகள்கள் பெரிதாகப் பெரிதாக நீலம் வெளிறி வெண்மேகமாயிற்று. பக்கவாட்டில் சிதறும் நீல ஒளி, வானத்து ஒளியைப் போலவே முனைவாக்கம் பெற்றிருந்தது. ஆய்வுக்கூடத்துக்குள் ஒரு முழம் வானத்தை உண்டாக்கிவிட்டார். காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்களே வானத்தின் நீலத்துக்குக் காரணம் என்பது அவர் முடிவு.

பாதை சரி, முடிவு முழுமையன்று. 1871இல், பின்னாளில் ராலே பிரபு என்றறியப்பட்டவர், சிதறலின் கணக்கை எழுதினார்: அலைநீளம் குறையக் குறைய அதன் நான்காம் அடுக்கில் சிதறல் மிகும். 1899இல் அவரே, துகள் எதுவும் தேவையில்லை, காற்றின் மூலக்கூறுகளே போதும் என்று காட்டினார். இன்று வானின் நீலத்துக்கு ராலே சிதறல் என்றே பெயர். நம் பாடப்புத்தகத்துக் கூழ்மம்தான் டிண்டாலுக்கு மிஞ்சியது. அதிலும் 1857இல் பொன் கூழ்மத்தில் ஒளியின் பாதையைக் கண்டு சொன்னவர் ஃபாரடே.

இந்தக் கயிற்றின் அடுத்த முனை நம் பக்கத்துக்கு வருகிறது. 1870 டிசம்பரில் சூரிய கிரகணம் பார்க்க அல்ஜீரியாவின் ஓரானுக்குக் கப்பலேறிய டிண்டால், வழியெங்கும் கடல்நீரைப் புட்டிகளில் சேகரித்து, அதன் பச்சைக்கும் நீலத்துக்கும் காரணம் தேடினார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1921இல், திருச்சியில் பிறந்த ராமன் 'நர்குண்டா' கப்பலில் இங்கிலாந்திலிருந்து திரும்பும் வழியில் அதே மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தார். அது வானத்தின் பிரதிபலிப்பே என்று ராலே சொல்லியிருந்தார். ராமன் ஒரு நிக்கல் பட்டகத்தால் மேற்பரப்புப் பிரதிபலிப்பை நீக்கிப் பார்த்தார். நீலம் போகவில்லை; முன்னிலும் ஆழமாகத் தெரிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறுகின்றன என்று வாதித்தார். அந்தத் தேடலின் முடிவு 1928 பிப்ரவரி 28. ஆயினும் கடல்நீலத்தைப் பொறுத்தவரை, நீர் சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்வதற்குப் பெரும்பங்கு உண்டு என்பதே இன்றைய அறிவு. ராமனுக்கும் அந்தக் குறிப்பிட்ட மலையில் கிடைத்தது ஒரு தோள்தான். ஆனால் அங்கிருந்து அவருக்கு வேறொரு உச்சி தெரிந்தது.

*

டிண்டாலின் ஆகப்பெரிய பணி வெப்பத்தைப் பற்றியது. 1859 மே மாதம் தொடங்கினார். நீண்ட பித்தளைக் குழாய். கண்ணாடி வெப்பக்கதிரை மறைத்துவிடும் என்பதால், இரு முனைகளையும் அடைக்கப் பாறையுப்புத் தகடுகள். ஒருபுறம் கொதிநீர் நிரம்பிய கனசதுரப் பெட்டி. மறுபுறம் நுண்ணிய வெப்பத்தையும் மின்னோட்டமாக மாற்றும் கருவி. அதை ஈடுசெய்ய எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வெப்பமூலம். குழாய்க்குள் வாயுவை நிரப்பினால் ஊசி அசைகிறதா என்பதே கேள்வி. ஆக்சிஜனுக்கும் நைட்ரஜனுக்கும் ஊசி அசையவில்லை என்றே சொல்லலாம். நீராவிக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் அசைந்தது. கண்ணுக்குத் தெரியாத, காற்றில் மிகச் சிறுபங்கே உள்ள வாயுக்கள் பூமியின் வெப்பத்தை மறித்து நிற்கின்றன. ஒரேயொரு கோடை இரவில் காற்றிலுள்ள நீராவியை நீக்கிவிட்டால் இங்கிலாந்தின் செடிகொடிகள் உறைந்து அழிந்துபோகும் என்ற கருத்தில் அவர் எழுதினார். இவ்வாயுக்களின் அளவு மாறினால் தட்பவெப்பமும் மாறும் என்று 1861இல் சுட்டிக்காட்டினார். எவ்வளவு மாறும் என்ற கணக்கை ஸ்வீடனின் அர்ரேனியஸ் 1896இல் போட்டார்.

ஆனால் இங்கே டிண்டாலுக்கு முன்பே ஒருவர் வந்து போயிருக்கிறார். யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1856இல், கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, கார்பன் டை ஆக்சைடு நிறைந்தது மிகுதியாகச் சூடேறுவதைக் கண்டார். அவ்வாயு மிகுந்த காலத்தில் பூமி வெப்பமாக இருந்திருக்கும் என்றும் எழுதினார். அவருடைய கட்டுரையை அறிவியல் கூட்டத்தில் வாசித்தவர் ஜோசப் ஹென்றி என்ற ஆண். டிண்டாலின் கட்டுரைகளில் ஃபூட்டின் பெயர் இல்லை. பூமியிலிருந்து எழும் இருள்வெப்பத்தையும் சூரிய ஒளியையும் பிரித்தறியும் கருவி ஃபூட்டிடம் இல்லை. அதைச் செய்தவர் டிண்டால். எனினும் முதற்படி அவருடையது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் மறைந்திருந்த அந்தப் பெயர் 2011இல்தான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

இதில் என்னை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. பிறருடைய முன்னுரிமைக்காக டிண்டாலைப் போல் சண்டையிட்டவர்கள் குறைவு. ஆற்றல் அழியாமை பற்றி முன்பே எழுதியும் எவரும் மதிக்காததால் உடைந்து, தற்கொலைக்கு முயன்ற ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் மேயருக்காக, 1862இல் தம் நாட்டு அறிஞர்களையே எதிர்த்துப் பேசினார். பனியாறு நகரும் விதத்தை முதலில் சரியாகச் சொன்னவர் சவோய் நாட்டுப் பாதிரியார் ராந்து என்று, ஸ்காட்லாந்தின் ஃபோர்ப்ஸோடு பல ஆண்டுகள் மல்லுக்கு நின்றார். அந்தப் பூசலில் அறிவியலை மட்டும் பார்த்தால், பனி குழம்புபோல் நெகிழ்ந்து நகர்கிறது என்ற ஃபோர்ப்ஸின் பக்கமே இன்றைய அறிவு அதிகம் சாய்கிறது. மறக்கப்பட்டவர்களைத் தேடித் தேடி மேடையேற்றிய மனிதருக்கு, தம் துறையிலேயே, தமக்கு மூன்று ஆண்டு முன்னால் நின்ற பெண்ணின் பெயர் எட்டவில்லை. மேட்டர்ஹார்னில் கரேல் நின்ற இடத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

*

1876இல் டிண்டால் லூயிசா ஹாமில்டனை மணந்தார். அவர் ஏறத்தாழ 25 ஆண்டு இளையவர். மறு ஆண்டு, அலெச் பனியாற்றைப் பார்த்தபடி பெலால்ப்பில் ஒரு வீடு கட்டிக்கொண்டு, கோடைதோறும் அங்கே போனார்கள். முதுமையில் டிண்டாலுக்கு உறக்கமின்மை. உறங்குவதற்குக் குளோரல், வயிற்றுக்கு மக்னீசியா என இரு மருந்துகள். 1893 டிசம்பர் 4 காலை, லூயிசா தவறான புட்டியிலிருந்து ஊற்றிக்கொடுத்தார். தவறு உடனே இருவருக்கும் தெரிந்துவிட்டது. எவ்வளவோ முயன்றும் பயனில்லை. அன்றே அவர் இறந்தார்.

அதன்பிறகு லூயிசா நாற்பத்தேழு ஆண்டுகள் உயிரோடிருந்தார். கணவரின் வரலாற்றைத் தாமே எழுதுவது என்று முடிவு செய்து, கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் திரட்டினார், படியெடுத்தார், வகைப்படுத்தினார். 1911இல் பெலால்ப்புக்கு மேலே பனியாற்றை நோக்கி ஒரு கல்தூணை நிறுத்தினார். புத்தகம் மட்டும் முடியவில்லை. 1940இல் அவர் மறைந்தார். வேறிருவர் எழுதிய வரலாறு 1945இல் வந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஒருவரைப் பற்றிய முழு வரலாறு இல்லாமல் போனால், உலகம் அவரை ஒரு விளைவின் பெயராகச் சுருக்கிக்கொள்கிறது. ஆனால் லூயிசா சேர்த்து வைத்த தாள்கள் வீண்போகவில்லை. டிண்டாலின் கடிதங்கள் 2015 முதல் தொகுதி தொகுதியாக அச்சேறின. 2018இல் ரோலண்ட் ஜாக்சன் விரிவான வாழ்க்கை வரலாறு எழுதினார். முடிக்க முடியாத நூலின் வழியே பின்னால் வந்தவர்கள் ஏறினார்கள்.

*

டிண்டால் பெயர் மலைகளோடு நிற்கவில்லை. பனியாறுகளுக்கும் சூட்டப்பட்டது. சிலியில் ஒன்று, அமெரிக்காவின் கொலராடோவில் ஒன்று, அலாஸ்காவில் ஒன்று, ஆப்பிரிக்காவில் கென்யா மலைமேல் ஒன்று. பனியாற்றை அளந்த மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவு இருக்க முடியாது என்று அன்று தோன்றியிருக்கும்.

கென்யா மலையின் டிண்டால் பனியாறு தேய்ந்து ஒரு துண்டாகிவிட்டது. அலாஸ்காவின் டிண்டால் பனியாறு கடந்த நூற்றாண்டில் பல கிலோமீட்டர் பின்வாங்கியது. அது தாங்கிப் பிடித்திருந்த மலைச்சரிவு ஆதரவிழந்து 2015 அக்டோபர் 17 அன்று கடற்கழிக்குள் சரிந்தது. எழுந்த அலை எதிர்க்கரையில் 193 மீட்டர் உயரம்வரை ஏறி மரங்களைத் துடைத்தெடுத்தது. ஆளில்லாத இடமாதலால் உயிர்ச்சேதம் இல்லை. லூயிசா நிறுத்திய கல்தூண் பார்த்து நிற்கும் அலெச் பனியாறும் டிண்டால் காலத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் சுருங்கிவிட்டது. டிண்டால் தம் குழாயில் ஊசியை அசைத்துப் பார்த்த நாளில், காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 285 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருந்தது. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது.

பெயர் சூட்டியவர்கள் பனியாறும் மலையும் என்றைக்கும் இருப்பவை என்று நம்பித்தான் சூட்டியிருப்பார்கள். பனியாறுகள் போய்க்கொண்டிருக்கின்றன. அவை ஏன் போகின்றன என்பதன் முதல் அளவீடுகள் அந்தப் பெயருக்குரியவரின் நாட்குறிப்பில், 1859 மே மாதத்துப் பக்கங்களில் இருக்கின்றன.

மேட்டர்ஹார்னின் தோள் இன்னும் இருக்கிறது. இத்தாலியப் பக்கத்திலிருந்து ஏறுகிறவர்கள் ஒவ்வொருவரும் அந்த முனையைக் கடந்தே உச்சிக்குப் போகிறார்கள். வகுப்பில் அடுத்தமுறை சன்னல்வழி வெயிலில் தூசி மிதந்தால், பாடத்தைச் சற்று நிறுத்தி, அந்த மனிதரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசலாம் என்றிருக்கிறேன். கரேலைப் பற்றியும், ஃபூட்டைப் பற்றியும் சேர்த்து.